மூணு தடவ சொல்லணும்

டீ எல்லாம் வேண்டாம்மா. தண்ணி குடு, போதும். ஃபேன கொஞ்சம் வேகமா வையேன். உங்க லிஃப்ட் எப்பவும் இப்படித்தானா, இல்ல நான் வர்றேன்னு தெரிஞ்சு நிறுத்தி வச்சீங்களா? மூணு மாடி ஏறி எத்தன நாளாச்சு எனக்கு. ரெண்டாவது மாடியில படியிலேயே உக்காந்துட்டேன். துணி காயப் போட வந்த ஒரு அம்மா, யாரப் பாக்கணும் பெரியவரேங்கறாங்க. பெரியவராம். பாட்டில் ஃபேக்டரி மூடற வரைக்கும் என்ன யாரும் அப்படிக் கூப்பிட்டதில்ல. வேல போன கையோட வயசும் வந்து உக்காந்துக்கும் போல.

என்ன, அப்படியே நிக்கற? கதவத் தெறந்ததும் உன் மூஞ்சி போன போக்க நான் பாத்தேன். பொணம் எந்திரிச்சு வந்த மாதிரி. சரி, பொணம்தானே நானு. நீங்கல்லாம் சேந்து வச்ச பேருதானே. பொணம் வந்தாச்சு, பொணத்துக்கு ஒரு டீ சொல்லுங்க, பொணம் இன்னும் சாப்பிடலயா. இதக் கேட்டுட்டு என் பொண்டாட்டி ஒரு நாள் அழுதுட்டா. அது பாசத்துல கூப்பிடறதுடீன்னு நான் சொல்றேன், அவளுக்கு ஏறவே இல்ல.

நிறுத்தாத, நிறுத்தாத, நீ பாட்டுக்குத் தேய். அந்த மஞ்சக் கோட்டுதானே? நாளைக்குத் திருப்பிக் குடுக்கப் போறது. தெரிஞ்சுதான் வந்திருக்கேன். மருந்துப் பையக் கூட ரெடியா கட்டில் மேல வச்சிருக்க. போட்டுக்கிட்டு வந்த நாள்ல நீ ஒரு நாளும் இந்தக் கோட்டத் தேச்சதில்ல. சுருட்டி வச்ச கோணி மாதிரி இருக்கும். விசில் மாஸ்டர் கத்துவாரே, அடுத்தவங்களுக்கு அப்புறம் உதவி பண்ணலாம், மொதல்ல உன் கோட்டுக்கு ஏதாவது உதவி பண்ணுன்னு. இப்ப விட்டுட்டுப் போறப்போ மடிப்புக் கலையாம குடுக்கற. நல்ல மரியாததான்.

ஆமா, விசில்தான் சொன்னாரு. நேத்து வீட்டுக்கு வந்திருந்தாரு. முதலுதவிப் பயிற்சி நடக்கறப்போ மூச்சுக்கு ஒரு விசில் ஊதுவாரே மனுஷன், எங்க வீட்ல சத்தமே காட்டாம உக்காந்திருந்தாரு. போற நேரத்துலதான் விஷயத்த எடுத்தாரு. அந்தப் பொண்ணு எல்லாத்தையும் ஒப்படைச்சிட்டு நின்னுக்கறாளாம், கேட்டா கை நடுங்குதுங்கறா. அடுத்த வாரம் விளையாட்டுப் போட்டி ஆரம்பம். இவ போனா அந்த எடத்துக்கு வேற ஆளப் போட்டுடுவாங்க. போட்டி முடிஞ்சு ஆம்புலன்ஸுக்கு எடுக்கறாங்களே நிரந்தரமா, அதுவும் அந்த ஆளுக்குத்தான் போகும். நான் சொன்னா அவ தலையக் குனிஞ்சுக்கறா, நீங்க சொல்லிப் பாருங்கன்னாரு. அதான் வந்தேன். வேற ஒண்ணும் இல்ல.

தாடைய ஏன் தேய்க்கறேன்னு பாக்கறியா? பல்லு. காலையிலேந்து இழுத்துக்கிட்டிருக்கு. அது கெடக்குது, நீ கேளு.

உங்கம்மா வேலைக்குப் போயிருக்காங்களா? துணிக்கடை இன்னும் ஓடுதா? பரவால்லயே. இந்தத் தெருவுல வேலைக்குப் போற காலடிச் சத்தம் கேட்டே ரொம்ப நாளாச்சுன்னு இருந்துதே. ஷிஃப்ட் சங்கு ஊதினா இந்த நாலு கட்டடமும் ஒண்ணாக் கீழ எறங்கும். அப்புறம் உலைய அணைச்சாங்க. கண்ணாடி உருக்கற உலைய அணைச்சா அவ்வளவுதாம்மா, மறுபடி பத்த வைக்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல. அதப் பாத்துக்கிட்டு நின்னவங்கள்ல நானும் ஒருத்தன். சூடு கொறையக் கொறைய செங்கல்லு வெடிக்கும், டொப்பு டொப்புன்னு. வீட்டுக்கு வந்து பாத்தா எல்லா வீட்லயும் ஆம்பளைங்க டிவி முன்னாடி.

அப்பத்தான் இந்தப் போட்டி வருதுன்னாங்க. நம்ம ஊருலயா, எதுக்குன்னு கேட்டோம். எல்லா நாட்டு ஆளுங்களும் வந்து ஓடப் போறாங்க, குதிக்கப் போறாங்கன்னா, அதுக்கு நாங்க என்ன பண்ணணும்? அப்புறம் போட்டி நடத்தறவங்க பக்கத்துலேந்து ஒரு அம்மா வந்து ஃபேக்டரி கொட்டகையில மைக்குல பேசினாங்களே, ஞாபகம் இருக்கா? வேல இல்லாத ஊருன்னுதான் இத உங்க ஊருக்குக் கொண்டு வந்திருக்கோம், போட்டி போயிடும், தொழில் உங்க கையில இருக்கும்னாங்க. எல்லாரும் கை தட்டினோம். எம்பக்கத்துல நின்னவன் காதுல சொல்றான், பாட்டில் செய்யறதும்தான் கையில இருக்கு, கைய என்ன பண்றதாம்னு. வாய்க்கொழுப்பு புடிச்சவன். மறுநாள் வரிசையில மொத ஆளா அவன்தான் நின்னான்.

எனக்கு ஒண்ணும் கெடைக்கல. நாற்காலி பொருத்தற வேலைக்குப் போனேன், முட்டிய மடக்கச் சொன்னாங்க, மடக்கினேன், நிமிர்த்த ரெண்டு பேர் வரவேண்டியதாப் போச்சு. வழி காட்டற வேலைக்கு நாலு மொழி வேணுமாம். கடைசியா ஒரு மேசையில ஒரு பொண்ணு கேக்குது, ஐயா, உங்களுக்கு விழத் தெரியுமா? விழறதுக்கா சம்பளம்னேன். ஆமாங்கய்யா, ஒத்திகைக்கு அடிபட்டவங்களா நடிக்க ஆளு வேணும், முதலுதவி கத்துக்கறவங்க உங்க மேலதான் பழகுவாங்கன்னுது. வீட்ல வந்து சொன்னா என் பொண்டாட்டி விழுந்து விழுந்து சிரிக்கறா. சும்மா கெடக்கறதுக்கு ஒரு வேலையா, அதத்தான் மூணு வருஷமா இங்க ஓசியில பண்ணிக்கிட்டிருக்கீங்களேங்கறா.

ஆனா நல்லா வந்துது எனக்கு. நீயே சொல்லு, நான் விழற மாதிரி யாராவது விழுவாங்களா? மத்தவங்கல்லாம் எடம் பாத்து, சட்டைய இழுத்து விட்டுக்கிட்டுப் படுப்பாங்க. நான் நின்ன எடத்துலேந்து அப்படியே போவேன். உலை வாசல்ல எத்தன பேர் மயங்கிப் பாத்திருக்கேன், அந்த மாதிரி. அதுலதானே பொணம்கற பேரே வந்துது. மேக்கப் பண்ற அக்கா எனக்குன்னு தனியா நேரம் எடுத்துக்குவாங்க. கல்யாணப் பொண்ணுங்களுக்கு மேக்கப் போட்டுக்கிட்டிருந்த கையி, எங்களுக்கு ரத்தம் பூசுது. உங்க தோல் நல்லா எடுத்துக்குதுண்ணே, எந்தக் காயமும் பொருந்துதும்பாங்க. காலையில நான் உள்ள நொழஞ்சா எனக்காக ஒரு கும்பலே காத்துக்கிட்டு இருக்கும். உலை அணைஞ்சதுக்கப்புறம் யாரும்மா எனக்காகக் காத்திருந்தாங்க?

உன் மொதக் கட்டு என் கையிலதான் போட்ட. இந்த எடது கையில. மறந்துட்டியா? என்னா இறுக்கு! வெரலெல்லாம் நீலம் பாரிச்சு, நான் கண்ண மூடிக்கிட்டே சொன்னேன், அம்மா தாயே, ஒடிஞ்சது எலும்பு, நீ ஏன் கையையே வெட்டிட்டுப் போற. அங்க இருந்த அத்தன பேரும் சிரிக்க, நீ அழுதுட்ட. மறுநாள் சரியா வெரல் நொழையற எடம் விட்டுக் கட்டின. நம்ம ஊருல ஆம்புலன்ஸ்ல ஏறப் போற அத்தன புள்ளைங்களும் இந்த உடம்ப வச்சுத்தான் கத்துக்கிட்டாங்க. பாட பொஸ்தகம் மாதிரி எல்லாரும் பொரட்டிப் பாத்தாச்சு. அதுல ரொம்ப நேரம் பொரட்டினது நீதான்.

இன்னும் கொஞ்சம் தண்ணி குடேன். ஜன்னல் தெறந்துதானே இருக்கு? காத்தே வரல.

இல்ல, அந்த நாளப் பத்திப் பேச வேண்டாங்காத. அதப் பேசத்தான் வந்தேன். நீ நின்னுக்கிட்டுப் பாத்தது ஒண்ணு. கீழ கெடந்தவனுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு யாரும் உன்கிட்ட சொல்லலயே.

ஸ்டேடியத்துல பெரிய ஒத்திகை. மேல கண்ணாடி ரூமுல வெளியூர்லேந்து வந்த பெரிய மனுஷங்க. என் கழுத்துல தொங்கின அட்டையில என்ன போட்டிருந்துது? கணுக்கால் சுளுக்கு. எனக்கு அவமானமா இருந்துது, தெரியுமா? இத்தன நாள் ஒழச்சதுக்கு, பெரிய மனுஷங்க பாக்கற அன்னிக்கு, வெறும் சுளுக்கா? தல ஒடைஞ்ச வேஷத்த வாய்க்கொழுப்புக்காரனுக்குக் குடுத்துட்டாங்க. நான் மேக்கப் அக்காகிட்ட மொறையிட்டேன். அண்ணே, சுளுக்குக்கு நான் என்ன பூசறது, போங்கண்ணேன்னு தொரத்திட்டாங்க.

படுத்தேன். கொஞ்ச நேரத்துல நெஞ்சுல ஒரு கல்லத் தூக்கி வச்ச மாதிரி. காலையில தின்னது செரிக்கலன்னு நெனச்சேன். வேர்த்துக் கொட்டுது. நெஞ்சப் புடிச்சுக்கிட்டேன். நீ வந்த. அட்டையப் பாத்த. என்னப் பாத்த. சிரிச்ச. மாமா, உங்களுக்குக் கணுக்கால்தான், சொந்தச் சரக்க எல்லாம் எறக்காதீங்க, மேலேந்து பாக்கறாங்கன்ன. என்னப் பச்சப் பாயில கொண்டு படுக்க வச்சுட்டுப் போன. காத்திருக்கலாம்கற ஆளுங்க பாய்.

அழாத. இஸ்திரிப் பெட்டி கோட்டு மேலயே இருக்கு, எடு மொதல்ல.

நீ வேற என்ன பண்ணியிருக்க முடியும்? அட்டையில இருக்கறத நம்புன்னுதான் சொல்லிக் குடுத்தாங்க. நான் ஓவரா பண்றவன்னு ஊருக்கே தெரியும். ஒரு தடவ கை முறிவுன்னு அட்டை குடுத்தா, நான் கூடவே பைத்தியமும் புடிச்ச மாதிரி பண்ணி, விசில் என்ன ரெண்டு நாள் வீட்டுக்கு அனுப்பினாரே.

நான் ஏன் சொல்லலன்னு கேக்கறியா? அதத்தான் எல்லாரும் கேட்டாங்க. விதி இருக்கே. ஒத்திகையில யாருக்காவது நிஜமாவே ஏதாவது ஆனா கையத் தூக்கி நிஜம்னு மூணு தடவ சொல்லணும். ஒரு தடவ சொன்னா நடிப்புல சேத்தி, அவனவன் ஐயோ நிஜமா வலிக்குதேன்னு கத்தறான். மூணு தடவ சொன்னாத்தான் விசில் அடிக்கும், மொத்த மைதானமும் அப்படியே நிக்கும். தெரியும் எனக்கு. ஆனா யோசிச்சுப் பாரு. ஒருத்தன் எறும்பு கடிச்சதுக்கு மூணு தடவ சொன்னானே, அடுத்த நாள்லேந்து அவனக் கூப்பிட்டாங்களா? அத்தன பேரு ஓடிக்கிட்டிருக்காங்க, மேல அத்தன பெரிய மனுஷங்க, நான் செரிக்காத வயித்துக்காக எல்லாத்தையும் நிறுத்தறதா? கொஞ்சம் பாப்போம், கொஞ்சம் பாப்போம்னு இருந்தேன். இன்னொண்ணும் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. உள்ளுக்குள்ள ஒரு பக்கம், இன்னிக்கு நல்லா வருதேன்னு இருந்துது. சுளுக்குக்கே இப்படிப் பண்றான் பாருன்னு மேலேந்து யாராவது சொல்லுவாங்கன்னு. அப்புறம் சரி, சொல்லிடலாம்னு வாயத் தெறந்தேன். மூச்சு இல்ல.

மேக்கப் அக்கா கண்ணுல பட்டேனோ, பொழச்சேன். அவங்க பெட்டியத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கமா வந்திருக்காங்க. ஒதட்டப் பாத்துட்டு, நான் இவருக்கு நீலம் பூசவே இல்லயே, யார் பூசினதுன்னாங்க பாரு. அது மட்டும் காதுல விழுந்துது. அப்புறம் ஆஸ்பத்திரிதான்.

இங்கதான் நீ ஒண்ணு கவனிக்கணும். ஆம்புலன்ஸ் எங்க இருந்துது? பக்கத்துலயே நின்னுது. ஒத்திகைக்காக வந்து நின்ன வண்டி. வேற நாளா இருந்தா? எங்க ஷிஃப்ட் சூப்பர்வைசர் உலைகிட்ட விழுந்தப்போ பாட்டில் ஏத்தற லாரியிலதான் கொண்டு போனோம், பக்கத்து நகரத்துக்கு. நான்தான் தலையப் புடிச்சுக்கிட்டேன். பாட்டிலெல்லாம் கிலுகிலுன்னு ஆடுது. பாதி வழிக்கு மேல அவருக்கு எதுவும் கேட்டிருக்காது. இந்தப் போட்டியால நம்ம ஊருக்கு என்ன வந்துதுன்னு கேட்டா நான் ஸ்டேடியத்தச் சொல்ல மாட்டேன். அது நாளைக்கு புல்லு மொளச்சுக் கெடக்கும், யாரு கண்டா. ரெண்டு ஆம்புலன்ஸையும் அதுல ஏறப் போற நம்ம புள்ளைங்களையும்தான் சொல்லுவேன். அந்த வாய்க்கொழுப்புக்காரன் கூட ஒத்துக்கறான் இத. அதுலேந்து நீ எறங்கிப் போறேங்கற.

கை நடுங்குதுன்னா நடுங்கட்டும். எனக்கும்தான் நடுங்குது. இந்தா பாரு டம்ளர.

என் கதையக் கேளு. நெஞ்சுக்குள்ள வலை மாதிரி ஒண்ணு வச்சு அனுப்பினாங்க, இனிமே ஒண்ணும் இல்லன்னாங்க. ஒண்ணும் இல்லாமலா இருக்கு? ஏப்பம் வந்தா பயம். படுத்தா பயம், ஏன்னா படுத்தாலே ஒத்திகை ஞாபகம் வருது. அந்த மாசத்துல நாலஞ்சு தடவ ஓடினேன் ஆஸ்பத்திரிக்கு. ஈசிஜி எடுத்துப் பாத்துட்டு, ஐயா, நல்லாத்தான் இருக்கீங்க, வீட்டுக்குப் போங்கங்கறாங்க. கடைசித் தடவ அந்த நர்ஸு, நீங்கதானே பொணமா நடிக்கறவருன்னு கேட்டுச்சு. கூட்டத்துல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அதுலேந்து வீட்ல வாயத் தெறக்கறதில்ல. நெஞ்சத் தடவினாலே என் பொண்டாட்டி, ஆரம்பிச்சுட்டாரு, யாராவது மார்க்கு போடுங்கப்பாங்கறா. அவளச் சொல்லிக் குத்தமில்ல. அவளும் பயந்து பயந்து அலுத்துப் போயிட்டா. எனக்கே அப்படித்தான் இருக்கு. வலிச்சா மொதல்ல, ஏய், நடிக்காதடான்னு நானே சொல்லிக்கறேன்.

வெளியில யாரு, உங்கம்மாவா? இல்லயா. சரி.

தேச்சு முடிச்சிட்டியா? நல்லா இருக்கு. மடிக்காத. அப்படியே நாற்காலி மேல போடு. இங்க வந்து எம்பக்கத்துல உக்காரு. நீ உன் முடிவ எப்ப வேணா சொல்லு, இப்பவே சொல்லணும்னு இல்ல. நான் ஒண்ணு சொல்றேன். பயப்படக் கூடாது, சிரிக்கவும் கூடாது.

பல்லு வலின்னேன்ல. அன்னிக்கும் பல்லுலதாம்மா ஆரம்பிச்சுது, நான் யார்கிட்டயும் சொல்லல, பல்லுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்னு விட்டுட்டேன். இன்னிக்கு உன்னப் பாக்கத்தான் கெளம்பினேன், சத்தியமா வேற நெனப்பே இல்ல. ரெண்டாவது மாடிக்கு வர்றப்போ அந்தக் கல்லு வந்து உக்காந்துடுச்சு. உன்கிட்ட பேசிக்கிட்டே இருந்தா எறங்கிடும்னு பாத்தேன். எறங்கல. எடது கை தோள்லேந்து கனக்குது. வழக்கமா வர்ற பயம்தானோ, இல்ல உடம்பு பழக்கத்துல நடிக்குதோ, எனக்குத் தெரியல. வேற யார்கிட்ட போனாலும் மொதல்ல என் மூஞ்சியப் பாப்பாங்க, பேரு ஞாபகம் வரும். நீ இந்த உடம்ப அத்தன தடவ பொரட்டினவ. உனக்கு வித்தியாசம் தெரியும். அன்னிக்குத் தெரியலன்னா என்ன, அன்னிக்கு நடுவுல அட்டை இருந்துது.

அன்னிக்கு மூச்சு போனப்புறம் சொல்லப் பாத்தேன். இன்னிக்கு இருக்கறப்பவே சொல்லிடறேன். விசில் சொல்லிக் குடுத்த மாதிரி, கையத் தூக்கி.

நிஜம்.

நிஜம்.

அட, எங்க எந்திரிக்கற? பைய ஏன் அப்படி கவுக்கற, எல்லாம் செதறுது பாரு. ஃபோன்ல யாரு, வண்டிக்கா? ம், மணிக்கட்டுல அதே பிடி, அதே இறுக்கு. இரும்மா, அவசரப்படாத. நான் இன்னும் மூணாவது தடவ சொல்லவே இல்லயே.